எட்டுக் கை காளியும் ஒரு சோப்பும்

ஏரல் பஸ்ஸில் முன் சீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னாள்: “காளியவே வரிசையில நிக்க வச்சிட்டேம்லா!”

“ஒன் வீட்டுக்காரரையா?”

“அவரத்தான். போன வருசம் குலசை கோயிலுக்கு வேசம் கட்டிப் போன எங்க தசரா செட்டுல பாதிப் பேருக்கு வாந்தி பேதி. இந்த வருசம் பந்தி என் பொறுப்பு. சோப்புப் போட்டுக் கை கழுவாம யாருக்கும் இலை கெடையாதுன்னுட்டேன். காளி வேசத்துல நின்னுக்கிட்டு, ‘அம்மாவுக்குமா?’ன்னு மொறைக்காரு.”

“நீ என்னளா சொன்ன?”

“எட்டுக் கையில ஆறு அட்டைக் கை. ‘தாயே, சோறு திங்குத கைய மட்டும் நீட்டு’ன்னேன். நீட்டுனாரு. காளியே கழுவவும் கொரங்கு, கரடி, எமன் அம்புட்டு பேரும் பின்னால வந்து நின்னுட்டாவ. இந்த வருசம் ஒருத்தர் வயித்துக்கும் ஒண்ணும் ஆவல.”

“எமனுமாளா கழுவுனான்?”

“ரெண்டு வாட்டி. போன வருசம் டிரிப்ஸ் ஏறுனது அவனுக்குத்தான!”