வேற யாரோ திறந்து வெச்சிருக்காங்க

...ஒயராம் ஒயரு! போன தடவை கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த ஆளும் இதேதான் சொன்னாரு தம்பி. ஒயரை மாத்தினாரு, சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாரு, "இனிமே வராதும்மா"ன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. அவரு படி இறங்கி முடிக்கலை, மறுபடியும் ஸ்கிரீன்ல வந்து நிக்குது. 'இந்த ரெக்கார்டை வேற யாரோ திறந்து வெச்சிருக்காங்க, பிறகு முயற்சிக்கவும்.' பிறகுன்னா எப்ப? என் பேரன் வந்து முயற்சி பண்ணுவானா? எனக்கு இன்னும் மருமகளே வரலை!

உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அது சாயும். போன வருஷம் மேனேஜரையே கவுத்துடுச்சு. இதுல உக்காருங்க... என் மெஷினா? அதை எதுக்குப் பாக்கறீங்க? அதுல ஒண்ணும் இல்லை. நான் ஒழுங்கா வேலை பாக்கற ஆளு.

முதல்ல கேளுங்க. இது பஸ் கம்பெனியோட டூட்டி செக்ஷன். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, பகலா ராத்திரியா, எல்லாம் இந்த டேட்டாபேஸுக்குள்ளதான். எல்லா மேஜையிலிருந்தும் அதைத்தான் திறக்கறோம். நான் லீவு, ஆஜர் போடுவேன். அதோ, நெத்தியில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, சூப்பர்வைசர், அவரு டூட்டி மாத்துவாரு. மாத்துவாருன்னு பேரு! ஒரு டிரைவர் பேரைத் தட்டுவாரு, 'வேற யாரோ'ன்னு வரும், பெருமூச்சு விட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிடுவாரு. யாரு அந்த வேற யாரோன்னு ஒரு நாள் எழுந்து வந்து பாத்திருப்பாரா? ம்ஹூம்! எழுந்தா உடம்பு தேஞ்சுடும்.

இதனால யாருக்குக் கஷ்டம்? கீழ ஷெட்டுல போய்ப் பாருங்க. பத்து டிரைவருங்க ரெண்டு மாசமா ராத்திரி வண்டியிலேயே கிடக்கறாங்க. பகலுக்கு மாத்தணும்னா பேரு திறக்கணுமே! நேத்து ஒருத்தர் மேல வந்து, இதோ இந்த இடத்துல நின்னு அழாத குறை. "பாப்பா முழிச்சிருக்கும்போது நான் தூங்கறேன், நான் முழிக்கும்போது அது தூங்குது. என்னைப் பாத்தா யாரோ வந்துட்டாங்கன்னு அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்குதும்மா"ன்னாரு. நான் விடுவேனா தம்பி? உடனே உக்காந்து மேனேஜருக்கு ஒரு புகார் எழுதினேன் பாருங்க!

யாரு மேலயா? வேற யாரு மேல, ஊமைக்கோட்டான் மேலதான். மூலையில காலியா இருக்குதே, அந்த சீட்டு. பேருல என்ன இருக்கு, நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறோம். வந்து ஒரு வருஷம் ஆச்சு, ஒரு வருஷத்துல ஒரு பக்கத்துக்கு மேல பேசியிருக்க மாட்டாரு. குனிஞ்ச தலை நிமிராது. அந்த மாதிரி ஆளுங்களை நம்பவே கூடாது. என்னைப் பாருங்க, மனசுல இருக்கறதை அப்படியே கொட்டிடுவேன். நெஞ்சழுத்தக்காரங்கதான் எதையாவது திறந்து போட்டுட்டுப் போவாங்க.

நேத்து என்ன பண்ணினாரு தெரியுமா? நான் சாப்பிட்டுட்டு வரேன், என் மேஜைகிட்ட நிக்கறாரு. என் ஸ்கிரீனை முறைச்சுப் பாத்துக்கிட்டு! என்னைப் பாத்தாரு, ஏதோ சொல்ல வந்தாரு, சொல்லலை. என் தண்ணி பாட்டிலை எடுத்துட்டுப் போய் நிரப்பிக் கொண்டாந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. நான் கேட்டேனா தண்ணி? வேவு பாக்க வந்துட்டு, மாட்டிக்கிட்டதும் தண்ணி!

இப்ப அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள மேனேஜர் முன்னாடி நிக்கறாரு பாருங்க. தற்காலிக ஆளு. இன்னிக்கு வேலையை நீட்டிக்கறாங்களா, வீட்டுக்கு அனுப்பறாங்களான்னு முடிவு. அனுப்பிடுவாங்க. என் புகார் அப்படி, வரிக்கு வரி!

என்ன தம்பி, எங்க கிளம்பிட்டீங்க? மூலை மெஷினுக்கா? பாருங்க, பாருங்க, அங்கதான் இருக்கும்... ஆஃப் பண்ணிட்டீங்களா? சூப்பர்வைசர் சார், இப்பத் தட்டிப் பாருங்க! ... இன்னும் 'வேற யாரோ'தானா? அதெப்படி? பொட்டியை அணைச்சாலும் பூதம் உள்ளேயே இருக்குதா? நல்லாப் பாருங்க தம்பி, சம்பளம் வாங்கறீங்கல்ல!

எங்க வீட்டுக்காரரும் இந்தக் கம்பெனி டிரைவர்தான். வாழ்க்கையில பாதி நாள் ராத்திரி வண்டி. நான் காலையில கிளம்புவேன், அவரு வந்து செருப்பைக் கழட்டுவாரு. கதவுகிட்ட சாவியைக் கை மாத்திக்கிட்டதுதான் எங்க குடும்பம். இப்பதான் பகல் டூட்டி. ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். அப்பா... என்ன பேச்சுங்கறீங்க! எந்த சிக்னல்ல எவன் குறுக்க வந்தான், எவனை எப்படித் திட்டினாருன்னு வாய் ஓயாது. மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் பொறுமையாக் கேட்டுக்குவேன்.

என்ன? பேரைத் திறந்து வெச்சிருக்கறது ஏழாம் நம்பர் மெஷினா? அது யாருதா? ஏழு... இருங்க, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்...

இதுதான் ஏழு.

அதுக்கென்ன? நான் ஒரே ஒரு பேருதான் திறந்து வெச்சிருக்கேன் தம்பி. ஒரே ஒரு பேரு! ஒரு எழுத்தைத் தட்டிட்டு, சேவ் பண்ணாம அப்படியே விட்டுடுவேன். சாயங்காலம் ஸ்கிரீனை மட்டும் அணைச்சுட்டுப் போவேன். சர்வரை ஆஃப் பண்ணினா, ஆன் ஆனதும் முதல் வேலையா அதைத்தான் திறப்பேன். எங்க வீட்டுக்காரர் பேருதான். பஸ்ஸுல சீட்டுல கர்ச்சீப் போடறதில்லையா, அந்த மாதிரி. அவரை யாரும் ராத்திரிக்கு மாத்திடக் கூடாதுல்ல? அதுல மத்தவங்களுக்கு என்ன நஷ்டம்?

...பக்கம் முழுசுமா? ஒரு பேரைப் பிடிச்சா பக்கத்துல இருக்கற பேருங்களும் சேந்து பூட்டிக்குமா? சும்மா காது குத்தாதீங்க. எங்க, காட்டுங்க. எங்க வீட்டுக்காரரு நூத்திப் பதினாலு... இது நூத்திப் பத்து, இது பதினொண்ணு...

இவருதான் தம்பி. நேத்து வந்து நின்னவரு. பாப்பா ஒளிஞ்சுக்குதுன்னாரே.

கடவுளே.

தம்பி... ஒயர்னு சொல்லிடுங்களேன். போன தடவை ஒயர்னுதானே எழுதிக் கொடுத்தாங்க? இன்னொரு தடவை ஒயர்னா யாரு கேக்கப் போறா? நான் இதை மூடிடறேன், சத்தமே இல்லாம மூடிடறேன். நீங்க ஒயர்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன். எல்லாருக்கும் நல்லது... ஏன் அப்படிப் பாக்கறீங்க? அப்படிப் பாக்காதீங்க. நேத்து என் மேஜைகிட்ட நின்ன அந்த மனுஷனும் இப்படித்தான் பாத்தாரு.

இப்படியேதான் பாத்தாரு.

அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஸ்கிரீன்ல எங்க வீட்டுக்காரர் பேரைப் பாத்துட்டாரு. தெரிஞ்சுதான் என்கிட்ட வந்திருக்காரு. இப்ப உள்ள நிக்கறாரே, ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் வெளியில. உதடு அசையுதா பாருங்க? அசையலை. வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்யா! இப்பவுமா ஊமை?

ஐயோ, வெளியில வராரு. பையை எடுக்கறாரு. டிபன் பாக்ஸை உள்ள வெக்கறாரு தம்பி...

யோவ்! உங்களைத்தான்! எங்க கிளம்பிட்டீங்க? வைங்க அந்தப் பையைக் கீழ. என்ன முழிக்கறீங்க? ஒரு வருஷமா ஒரு வார்த்தை பேசலை, இன்னிக்காவது பேசியிருக்கலாம்ல? உக்காருங்க. நான் உள்ள போய்ப் பேசிக்கறேன். பேசறதுக்குன்னு ஒரு ஆளு இருக்கேன்ல இந்த ஆபீஸ்ல?

தம்பி, நான் மேனேஜர்கிட்ட போறேன். நீங்க அந்த நூத்திப் பதினாலை மூடிடுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள மூடிடுங்க, என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது... சூப்பர்வைசர் சார், இருங்க, உடனே தட்டாதீங்க! இன்னிக்கு ராத்திரி மட்டும் எங்க வீட்டுக்காரரு என்கூட உக்காந்து சாப்பிடட்டும். நாளையிலேர்ந்து மாத்திக்கங்க.