லூர்தம்மா கூப்பிட்ட பேர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத் தந்தை அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, கோயில் கமிட்டித் தலைவர் ஏழுமலை அவர்களே, கதிரைகளையும் ஒலிபெருக்கியையும் நாங்கள் கேட்காமலே அனுப்பி வைத்த கடைவீதி ஸம்சுதீன் முதலாளி அவர்களே, தாய் லூர்தம்மாவை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி அலன் அவர்களே, அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அரைப்பேரோடு வேலையை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் தாய்மார்களே, தகப்பன்மார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த மூக்கையாவின் வணக்கம்.

இந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் சங்கத் தலைவராக இருந்தவன் நான். சம்பளத்துக்குப் பேசியிருக்கிறேன், தண்ணீர்க் குழாய்க்குப் பேசியிருக்கிறேன், எங்களைத் திட்டியே காலம் தள்ளிய ஒரு துரைக்குப் பிரியாவிடையும் பேசியிருக்கிறேன். "தலைவர் மைக்கப் புடிச்சா கரண்டு போனாத்தான் விடுவாரு" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழாமலில்லை. இன்றைக்கு மட்டும் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்த மேடையில் நிற்கத் தகுதி இல்லாதவன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். அது ஏன் என்பதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

யார் இந்த லூர்தம்மா? புளத்கொகுபிட்டியவிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவின் ஆயா. தாய்மார்கள் றப்பர் பால் வெட்டப் போகும்போது, கைக்குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டவர். எண்பத்தாறாம் ஆண்டு, கணவர் ஜோன் காலமான அதே வருஷம், அந்தக் கதவைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷம் திறந்தார். இந்தத் தோட்டத்தில் பிறந்து, இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருந்து, லூர்தம்மாவின் கையில் ஒரு நாளாவது இருக்காத ஆள் யாராவது இந்தக் கூட்டத்தில் உண்டா? கையைத் தூக்குங்கள், பார்ப்போம். ஒருவரும் இல்லை.

அவர் கதவைத் திறந்த முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் போன முதல் பிள்ளை என் பிள்ளை. என் மனைவி வெள்ளையம்மா எங்கள் ஒரே மகள் ஷாமிளாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் பால் வாளியோடு நின்றாள். பிள்ளைக்கு இரண்டு வயது. தாயை விட மாட்டேன் என்று அழுகிறது. அப்போது லூர்தம்மா கேட்டார்:

"புள்ள என்னவா வரணும்னு ஆச அக்கா?"

வெள்ளையம்மாவிடம் அதுவரைக்கும் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கட்டிய புருஷன் நானே கேட்டதில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"டீச்சரா வந்தா நல்லாருக்கும்."

"சரி. வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க. ஒங்க அம்மா வேலைக்குப் போகட்டும்."

அன்றைக்குத் தொடங்கியதுதான். அதன் பிறகு பிள்ளையைக் கொண்டுவந்து விடும் எல்லோரிடமும் அதே கேள்வி. நீங்கள் சொன்ன பதில்தான் உங்கள் பிள்ளைக்கு அங்கே பேர். வெயில் ஏறும் நேரத்தில் அந்தப் பக்கம் போனால் கேட்கும்: "டொக்டர் பால் குடிச்சிட்டாரா? கிளாக்கர், மண்ணத் திங்காதீங்க. நேர்ஸம்மா, மூக்கச் சிந்துங்க." கங்காணி சிரித்தார், கணக்கப்பிள்ளை சிரித்தார், நாமும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, மறுநாள் விடிய, ஆயா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும் வரைக்கும் வாசலை விட்டு நகராமல் நின்றோம். நின்றோமா இல்லையா? அதைக் காதால் கேட்டுவிட்டு மலை ஏறினால் கால் வலி தெரியாது. இல்லை என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் கிடையாது.

பேர் வைத்ததோடு விட்டாரா? பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் கொடுக்க கந்தோர் கந்தோராக அலைந்தது யார்? நாம் ஒரு நாள் வேலையை விட முடியாது என்று சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் விட்டுவிட்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நம் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போனது யார்? என் மகளை உயர்தர வகுப்பில் சேர்க்கக் கேகாலைக்குப் போனபோது, எனக்குச் சிங்களத்தில் நாலு வார்த்தை பேசத் தடுமாற்றம். லூர்தம்மாதான் வந்தார். "நீங்க சும்மா இருங்க தலைவரே, ஒங்க சங்கத்துச் சிங்களம் இங்க சரிவராது" என்று சொல்லிவிட்டு அவரே பேசி முடித்தார்.

இனி உண்மையையும் சொல்ல வேண்டும். பொய் சொல்லி உங்களை அழவைக்க நான் வரவில்லை.

டொக்டர் என்று கூப்பிட்ட கஜேந்திரன் எங்கே? சாதாரண தரப் பரீட்சையில் நம் தோட்டத்திலேயே கெட்டிக்காரன். தமிழில் விஞ்ஞானம் படிக்க இந்தப் பக்கத்தில் எங்கே போவது என்று கேட்டான். இன்றைக்குக் கொழும்பில் ஒரு கடையில் மூட்டை சுமக்கிறான், தமிழன் என்று பொலிஸ் கேட்கும் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. லீவில் வந்தால் "டொக்டர் வந்துட்டாரு" என்கிறோம், அவனும் சிரிக்கிறான். போன தீபாவளிக்கு அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு நான் அவனை அப்படிக் கூப்பிடுவதில்லை. நேர்ஸம்மா சுகந்தினி குவைத்தில் யாரோ ஒருவருடைய குசினியில் நிற்கிறாள். கிளாக்கர், தகப்பன் வெட்டிய அதே மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறான். கண் முன்னால்தான் நிற்கிறான், தலையைக் குனிந்துகொண்டு. இது யார் குற்றம்? பிள்ளைகளின் குற்றமா? ஆசைப்பட்ட நம் குற்றமா? அந்த ஆசையைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்ட ஒரு விதவையின் குற்றமா?

ஒரு முறை நான் அவரிடம் கேட்டேன். "ஊர்ப் புள்ளைக்கெல்லாம் பேர் வச்சியே, ஒம் மகன் அலன மட்டும் ஏன் அலன்னே கூப்பிடுற?"

"அடுத்தவங்க புள்ளைக்கு ஆசப்படுறது லேசு தலைவரே. சொந்தப் புள்ளன்னா பயமா இருக்கு."

தம்பி அலன், இதை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். இன்றைக்கு நான் சொல்லிவிட்டேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஐந்தில் எனக்கு அறுபது முடிந்தது. வெள்ளையம்மா முந்திய வருஷமே கை முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். பெரிய கிளாக்கர் கூப்பிட்டனுப்பினார். "தலைவரே, தோட்டம் குடுத்த ஒங்க வீட்டுக் காம்பிராவுல, செக்ரோல்ல, அதான் வேலையாள் பட்டியல்ல, பேர் உள்ள ஆள் ஒருத்தரும் இல்ல. மகளோட பேரப் பதிங்க. இல்லாட்டி காம்பிராவக் காலி பண்ண வேண்டி வரும்" என்றார். எந்த வீட்டுக்கு இது புதிது? இருக்கிற ஒரு காம்பிராவைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் பேரைக் கொண்டுபோய்க் கொடுக்காத வீடு நம் லயத்தில் எது? ஷாமிளா அப்போது உயர்தரம் சித்தியடைந்து, தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கப் போகிறார்கள் என்று அரசாங்க வர்த்தமானி அறிவிப்புக்காகக் காத்திருந்தாள்.

அன்று பின்னேரமே லூர்தம்மா வீட்டுக்கு வந்தார்.

"பேரப் பதிஞ்சிடாதீங்க தலைவரே. நாளைக்கு டீச்சர் வேலைக்கு ஃபோம் போடக்குள்ள அது குறுக்க நிக்கும். நீங்க மூணு பேரும் என் காம்பிராவுக்கு வந்துருங்க. அலனும் கொழும்புல. நான் ஒருத்திதானே இருக்கேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊருக்கெல்லாம் காம்பிரா வாங்கிக் குடுத்தவன் நானு. என்னைய ஒரு பொம்பள வீட்டுல ஒண்டிக்கச் சொல்றியா?"

"ஒண்டுனா என்ன கொறஞ்சிடுவீங்க? புள்ள டீச்சராகுற வரைக்கும்தானே."

நான் கேட்கவில்லை. முப்பது வருஷத் தலைவர் பட்டம் கேட்க விடவில்லை. மறுநாள் ஆபிசுக்குப் போய் என் வாயாலேயே என் மகளின் பேரைச் சொன்னேன். மூன்று மாதத்துக்குத்தான் என்று வெள்ளையம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். ஷாமிளா தாயின் பால் வெட்டும் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

மூன்று மாதம் ஒரு வருஷமாயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. போன வருஷம் வர்த்தமானி வந்தது. தொழில் இல்லாதவர் என்று கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். அவரிடம் மூன்று பேரும் போனோம், நானும் மகளும் லூர்தம்மாவும். லூர்தம்மா அரை மணி நேரம் சிங்களத்தில் மன்றாடினார். "மாத்தயா, ரெண்டு வயசுலேருந்து இவள நான் டீச்சர்னுதான் கூப்பிடுறேன்" என்று சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. எங்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். "எனக்கு விளங்குது அம்மே. ஆனா தோட்டத்துல பேர் இருக்கிற பிள்ளைக்கு வேலையில்லன்னு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?" என்று அவரும் சிங்களத்தில்தான் சொன்னார். அவர் கேட்டதில் என்ன பிழை? விண்ணப்ப முடிவுத் திகதி அந்த வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது. அடுத்த முறை எடுக்கும்போது என் மகளுக்கு வயது இருக்குமா, எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது குழாயடியில் சனம் நின்றது. நீங்களும் பலர் நின்றீர்கள், கேட்டீர்கள். அத்தனை பேருக்கும் முன்னால் நான் லூர்தம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "எல்லாம் ஒன்னாலதான். சும்மா கெடந்த புள்ளைக்கு ஒரு பேர வச்சு, இருவது வருஷம் அதச் சொல்லிச் சொல்லி, இன்னைக்கு அவ எதுலயும் மனசு ஒட்டாம நிக்கிறா. புள்ளைக்குப் பால் குடுத்துத் தூங்க வைக்கிற ஆயாவுக்கு எதுக்கு இந்த வேல?"

பேரைப் பதிந்தது யார்? நான். காம்பிரா தருகிறேன் என்ற கையைத் தட்டிவிட்டது யார்? நான். ஏச்சு வாங்கியது யார்? லூர்தம்மா. அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் நம் ரோஷானி தன் முதல் பிள்ளையைக் கொண்டுபோனாள். அவள் கேள்விக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"ஆயா, இவன இஞ்சினியர்னு கூப்பிடுங்க."

"என்ன பேர் வச்சிருக்க?"

"தனுஷன்."

"நல்ல பேர். அதையே கூப்பிடுறேன் மகள்."

ரோஷானி அழுதுகொண்டே மலைக்குப் போனதாக வெள்ளையம்மா வந்து சொன்னாள். அன்றிலிருந்து பத்து மாதம், அந்தக் காம்பிராவில் டொக்டரும் இல்லை, கிளாக்கரும் இல்லை. நாம் பிள்ளையைக் கொடுத்தோம், அவர் வாங்கிக்கொண்டார். நாம் நிற்காமல் மலை ஏறினோம். என் ஒரு பேச்சு செய்த வேலை அது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்துவிட்டேன்.

பிறகு லூர்தம்மாவை நெஞ்சுவலி என்று கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் இருந்தார். நான் இரண்டு முறை புறப்பட்டேன். இரண்டு முறையும் கேகாலை பஸ் ஸ்டேண்டில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரி வாட்டுக்குள் போய் எந்த முகத்தைக் காட்டுவது? சங்கத்துக்காகத் துரையின் பங்களா வாசலில் நின்று சத்தம் போட்ட எனக்கு, ஒரு ஆயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கத் தைரியம் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள்.

பெரியோர்களே, இப்படிப்பட்ட கூட்டத்தின் முடிவில் பேசுகிறவன், அன்னார் விட்டுச்சென்ற பணியை நாங்கள் தொடர்வோம் என்று கையை உயர்த்தி உறுதி சொல்ல வேண்டும். நானே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அந்த உறுதிக்கு வேலை இல்லை. பணியைத் தொடர ஆள் போட்டாகிவிட்டது. நேற்று ஆபிசிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைக் காம்பிராவுக்குப் புதிய ஆயா, உயர்தரம் படித்தவள் என்பதால் தெரிவு செய்தார்களாம். என் மகள் ஷாமிளா.

கடிதத்தைப் படித்துவிட்டு அவள் அழவில்லை. மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, புள்ளையக் கொண்டு வர்றவங்க, இது என்னவா வரணும்னு ஆசைன்னு அவங்களாவே சொன்னா, நான் என்ன சொல்லிக் கூப்பிடுறது?"

நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் கதவைத் திறப்பாள். லூர்தம்மாவின் ஆத்மாவுக்காக உங்களிடம் ஓர் உறுதி கேட்கிறேன், இதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பிள்ளையை என் மகள் கையில் கொடுங்கள். பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்லாமல் மலை ஏறிப் போய்விடுங்கள்.