ஆறு மில்லிமீட்டர் போதும்

பின்லாந்து, கைனூ மாவட்ட வேட்டை அலுவலர் அவர்களுக்கு,

அன்று காலை காப்பி நேரத்தில் எங்கள் வேட்டைக் குடிசையில் நான்கு பேர் இருந்தோம். அடுப்போரம் வேட்டை நாய்க்காரர் வில்ஹோ. ஜன்னல் பக்கம் என் தங்கை கணவன் ரெய்யோ. அவனுக்கு எதிரே, வேட்டைத் தலைவன் என்ற முறையில், நான். தங்கை ஹில்க்கா உட்காரவில்லை, காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ரெய்யோ தன் புதுத் துப்பாக்கியை மேசைமேல் வைத்திருந்தான். ஆறு மில்லிமீட்டர் தோட்டா. சிறிய மானுக்குச் சரி. அன்று எங்களுக்குக் கிடைத்திருந்த அனுமதி கரடிக்கு.

"என்னப்பா, கரடிக்குக் கிச்சுகிச்சு மூட்டப் போறியா?" என்றார் வில்ஹோ.

"உங்க ஒன்பது மில்லிமீட்டர் உதைச்சுத் தோளையே பேத்துடுது, பெருசு. குறி சரியா இருந்தா இதுவே போதும். என்ன மச்சான்?"

ஹில்க்கா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுண்ணா. நீ சொன்னாத்தான் இவரை அனுப்புவேன்."

"போதும்," என்றேன்.

காரணம் சொல்ல வேண்டும். போன வருஷம் ரெய்யோ ஒரு கடமானைத் தாடையில் சுட்டுவிட்டு, "எங்கயாவது தானா விழுந்து சாகும்" என்று சூப் குடிக்கப் போய்விட்டான். தேடிப்போய் அதை முடித்துவைத்தவன் நான். தாடை இல்லாமல் பனியை நக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய விலங்கின் முன்னால் சிறிய தோட்டாவோடு போய் நிற்பது அதற்குச் செய்யும் அநியாயம். இதை அவனிடம் சொல்லிப் பார்த்தேன், சிரித்தான். கரடி சொல்லட்டும் என்று நினைத்தேன்.

ஊசியிலை மரங்கள் நெருங்கிய சதுப்போரத்தில் அவனை நிறுத்தினேன். அங்கே கரடி பத்தடிக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். இரண்டாவது குண்டுக்கு நேரமிருக்காது.

ஒரு வெடி கேட்டது. பிறகு அவன் குரல். சுட்டதும் ஓடிப்போகாமல், காயம்பட்ட விலங்கு படுப்பதற்கு அரைமணி நேரம் கொடுப்பது எங்கள் பின்லாந்துக் காடுகளின் வழக்கம். கொடுத்தேன். வில்ஹோ குன்றுக்கு அப்பால் இருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தபோது, கரடி கிழித்துப்போட்டிருந்தாலும், ரெய்யோவுக்கு நினைவிருந்தது. "போகாத மச்சான்," என்றான். ஆனால் கரடியின் ரத்தத் தடம் காட்டுக்குள் போயிருந்தது. காயம்பட்ட உயிரை அப்படியே விட்டுவிட்டு நான் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. அந்தியில் அதைக் கண்டேன். ஒன்பது மில்லிமீட்டர், ஒரே குண்டு. திரும்பி வந்தபோது ரெய்யோவின் மூச்சு அடங்கியிருந்தது.

போலீஸ் விபத்து என்று முடித்துவிட்டார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கரடி காலையிலிருந்து அந்திவரை பட்ட வேதனைக்கு நானே பொறுப்பு. என் வேட்டை உரிமத்தை ரத்து செய்யுங்கள். ராத்திரியில் குடிசைக்கு வெளியே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது. கரடி என்றே எடுத்துக்கொள்கிறேன். அது மச்சான் என்று கூப்பிடுவதுதான் பொருந்தவில்லை.

ஹில்க்கா டவுனுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறாள். "கரடிக்காகவா இவ்வளவு நேரம் எழுதற? உன் மனசு யாருக்குண்ணா வரும்," என்கிறாள். தபால்தலை அவளிடம்தான் இருக்கிறது. அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக, உறையை ஓரம் விடாமல் ஒட்டி, அவள் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.