ஒயினில் வந்த தோல் வாசனை

எனக்குச் சர்க்கரை போடாத டீ போதும், ஐயா. நாக்கைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஏலக்கடையில் ஒயின் ருசி பார்க்கிறவர். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. கல்யாணத்தன்று ஒரே தோட்டத்துச் சிவப்பு ஒயின் பன்னிரண்டு பாட்டில் வாங்கி நிலவறையில் படுக்க வைத்தார். வருஷா வருஷம் கல்யாண நாளில் ஒன்றைத் திறந்து, எப்படி வளர்ந்திருக்கிறது என்று நோட்டில் எழுதுவார். நான் அவர்கள் வீட்டு மாடியில் இருப்பவன்.

முதல் வருஷம் எனக்கும் ஒரு மடக்கு கொடுத்தார். காயாகக் கடித்த பழம் போல நாக்கை இழுத்தது. "பொறு மாப்பிள்ளை, இது இன்னும் குழந்தை" என்றார். குழந்தையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இன்னொரு மடக்கு மட்டும் தரவில்லை.

அடுத்த கல்யாண நாளுக்கு ஒரு வாரம் முன்பு, இருவரும் வெளியே போயிருந்த மதியம், நானே ஒன்றைத் திறந்தேன். முரட்டுத்தனம் கொஞ்சம் அடங்கியிருந்தது. மிச்சம் வைக்க மனம் வரவில்லை. பாட்டிலில் முக்குக்கடை ஒயினை ஊற்றி, மூடி, மெழுகு வைத்து, வரிசையில் முன்னால் வைத்தேன்.

அதைக் குடித்த அத்தான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "வளரவே இல்லையே, மாப்பிள்ளை" என்றார், பெற்ற பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டது போல. எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து வளர்க்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

அடுத்து என்ன வாசனை வரும் என்று அவரே நோட்டில் எழுதிவைத்திருப்பார். உலர்ந்த பிளம்ஸ் என்றால் முக்குக்கடை ஒயினில் பிளம்ஸ் ஊறவைத்தேன். ஈர மண் என்றால் பூந்தொட்டி மண், துணியில் கட்டி. ஏழாம் வருஷத்துக்குத் தோல் வாசனை என்றிருந்தது. என் பழைய ஷூவில் ஒரு துண்டு வெட்டி, கழுவித்தான், இரண்டு நாள் போட்டுவைத்தேன்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "வந்துடுச்சு, மாப்பிள்ளை." நோட்டில் அந்த வரிக்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டார். அந்த வீட்டில் அவருக்கு இப்படி ஒரு சந்தோஷத்தை வேறு யார் கொடுத்தார்கள், சொல்லுங்கள்.

அசலும் என்னிடம் ஒழுங்காகத்தான் வளர்ந்தது. எட்டாம் வருஷம் நான் குடித்தது, வாயில் பட்டுத்துணி போல இருந்தது.

போன வாரம், கணவரை இழந்த ஒரு டீச்சரம்மா அதே தோட்டத்து, அதே வருஷத்து ஒயின் ஒரு பெட்டி, பன்னிரண்டு பாட்டில், ஏலத்துக்குக் கொண்டுவந்தார். அத்தான் ஒன்றைத் திறந்து ருசி பார்த்தார். "தோல் வாசனையே இல்ல. இது போலி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்களும் அந்த அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்துவந்துவிட்டீர்கள். நான்கு நாள் ஆகிறது. ஜன்னல் உள்ள அறை என்று கேள்விப்பட்டேன், நல்லது.

போலி எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்ட, திறந்த பாட்டிலை அத்தான் அன்றே வீட்டுக்கு எடுத்துவந்தார். ஒரு மடக்கிலேயே தெரிந்துவிட்டது. "ஆமா அத்தான், சுத்தப் போலி" என்றேன். அவர் மனசை நோகடிக்கலாமா?

அது அசல், ஐயா. அந்த ஒயினின் ருசி தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த அம்மாவின் மீதிப் பதினொரு பாட்டிலையும் நாளைக் காலை உங்கள் ஆட்கள் சாக்கடையில் ஊற்றப்போவதாக அத்தான் இன்று சொன்னார். நானும் ஈரமுள்ள மனுஷன்தானே, அதைக் கேட்ட பிறகும் எப்படிச் சும்மா இருப்பேன்?