ஸ்ரனிஸ்லாஸ் பிடித்த நேரம்

தலைமை வகிக்கும் கழகத் தலைவர் ஞானசுந்தரம் அவர்களே, காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி பிளோறன்ஸ் ஸ்ரனிஸ்லாஸ் அவர்களே, அவருடைய மகள் பிறின்சி, டோர்ட்மண்டிலிருந்தும் ஹம்மிலிருந்தும் வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் செயலாளர் சிற்றம்பலத்தின் வணக்கம்.

இந்த மண்டபத்தில் நான் ஆற்றுகிற ஏழாவது இரங்கல் உரை இது. களைத்துவிட்டேன் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். பதினான்கு வருடங்களாக இந்தக் கழகத்தின் விளையாட்டுப் போட்டிகளை அறிவித்த குரல் இது. இப்போது சாவுகளை அறிவிக்கத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

சற்று முன் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினோம். "அமருங்கள்" என்று சொன்னவன் நான். எங்கள் ஸ்ரனிஸ்லாஸ் உயிரோடு இருந்திருந்தால், நான் உட்காருவதற்குள் பக்கத்தில் வந்து, "முப்பத்தெட்டு செக்கன்தான் அண்ணை" என்று காதுக்குள் சொல்லியிருப்பார். முந்தைய ஆறு கூட்டங்களிலும் அப்படித்தான் சொன்னார். நாற்பத்தொன்று, முப்பத்தாறு, ஒரு தடவை வெறும் இருபத்தொன்பது. செத்தவனுக்குக் கொடுக்கிற நிமிடத்தில் கூடவா கை வைப்பீர்கள் என்பது அவருடைய கேள்வி. நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் நேரக் கணிப்பாளராக இருந்தவர். இங்கே வந்தும் அவர் கழுத்திலிருந்து அந்த ஸ்ரொப் வோச் இறங்கவில்லை. பதினொரு நாட்களுக்கு முன் ஹம்முக்குப் போகும் ரயிலில் மாரடைப்பு வந்து சரிந்தபோதும் அது அவர் கழுத்தில்தான் இருந்தது. ஐம்பத்தாறு வயது. போகிற வயதா அது?

அவர் என்ன வேலை செய்தார் என்று இங்கே பலருக்குச் சரியாகத் தெரியாது. றைன் நதிப் பக்கத்தில் இருந்த ஒரு தொழில்முறை அமெரிக்க ஃபுட்போல் அணியின் மைதானத்தில் புல் வெட்டி, கோடு போட்டார். இந்த ஆனி முடிவில் அமெரிக்கர்கள் அந்தப் போட்டிகளை மூடிவிட்டுப் போகும் வரைக்கும் அதுதான் வேலை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற அந்த விளையாட்டு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கும் விளையாட்டு முக்கியமில்லை. அதில் ஓடுகிறவர்கள்தான் முக்கியம். நூறு மீற்றரைப் பத்துச் செக்கனில் ஓடக்கூடியவர்கள் தலையில் கவசமும் தோளில் அட்டையும் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று ரயிலில் எனக்குச் சொல்லிச் சொல்லி அலுக்கமாட்டார். அவர்களை அளப்பது நாற்பது யார் தூர ஓட்டத்தால், நம் கணக்கில் முப்பத்தாறரை மீற்றர். நாலரைச் செக்கனில் எல்லாம் முடிந்துவிடும். அவர்களில் ஆகவும் வேகமானவன் யார் என்று நாங்கள் கேட்டால் பெயர் சொல்ல மாட்டார். "ஆர் நேரம் பிடிச்சது?" என்று திருப்பிக் கேட்பார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, அந்த அணி ஜெர்மன் இளைஞர்களைச் சேர்ப்பதற்கு ஒரு தேர்வு வைத்தது. பத்தொன்பது பேர் வந்தார்கள். நாற்பது யார் தூரத்தை நாலரைச் செக்கனுக்குள் ஓட வேண்டும். பதினைந்து பேர் ஓடி முடித்ததும் நேரம் பிடித்த உதவியாளருக்குத் தொலைபேசி வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் கழுத்தில் கடிகாரத்தோடு நின்ற ஸ்ரனிஸ்லாசைப் பார்த்து, மிச்சப் பேருக்கு நீ நேரம் பிடி என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

எங்கள் ஆள் என்ன செய்தார்? ஊரில் செய்ததைச் செய்தார். தொடக்கி வைக்க ஆள் இல்லாமல் ஓட்டப்போட்டி நடக்குமா? தானே கையை உயர்த்தினார், "லொஸ்" என்று சொல்லிக் கையை இறக்கினார், அந்தக் கணமே கடிகாரத்தையும் அழுத்தினார். நாலு பேரும் அவர் சொல் கேட்டு ஓடினார்கள். அவர்களில் ஹம்மைச் சேர்ந்த மார்க்குசுக்கு நாலு தசம் ஆறு எட்டு. மற்ற மூவருக்கும் ஐந்துக்கு மேல். நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பின்னேரம்தான் அந்த உதவியாளர் சிரித்துக்கொண்டு விளக்கினார். அந்த விளையாட்டில் தொடக்கி வைக்க யாரும் இல்லை. ஓடுகிறவன் தான் விரும்பியபோது புறப்படுவான். அவனுடைய கை நிலத்தை விட்டு அசையும்போதுதான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஸ்ரனிஸ்லாஸ் அழுத்தியதோ தன் வாய்ச்சொல்லுக்கு. அதைக் கேட்டு உடம்பு அசைய எடுத்த நேரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளின் கணக்கில் ஏறிவிட்டது.

யார் கேட்டார்கள்? யாருக்குத் தெரியும்? வாயை மூடிக்கொண்டு புல் வெட்டியிருக்கலாம். அவர் நேரே பயிற்சியாளரிடம் போனார். தேர்வானவர்களின் பட்டியல் போய்விட்டது என்றார் பயிற்சியாளர். அடுத்த நாளும் போனார், அதே பதில். மூன்றாம் நாள் ரயில் ஏறி ஹம்மிலும் மற்ற ஊர்களிலும் அலைந்து, நாலு பேருடைய வீட்டையும் தேடிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டார். மார்க்குஸ் மட்டும் திரும்ப வரச் சம்மதித்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பயிற்சியாளருக்கு முன் நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்: "பிழை என்ர. இவன் ஏன் அதுக்கு வீட்டை போகவேணும்?"

மறுபடி ஓடவிட்டார்கள். நாலு தசம் நாலு ஏழு. மார்க்குஸ் இரண்டு பருவம் அந்த அணியில் ஆடினான். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறான். நான் பேசுவது அவனுக்கு விளங்காது, தன் பெயர் மட்டும் கேட்டிருக்கும். ஸ்ரனிஸ்லாசுக்கு அதன்பிறகு அந்த மைதானத்தில் யாரும் நேரம் பிடிக்கக் கொடுக்கவில்லை. அது நியாயம்தான் என்று அவரே சொன்னார்.

உறவுகளே, இத்தோடு முடித்துக்கொண்டு உட்காரலாம் என்றுதான் வரும்போது நினைத்தேன். ஏலாது.

எனக்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். நம் கழகத்தின் சாதனைப் பலகை. பெண்கள் நூறு மீற்றர், பன்னிரண்டு தசம் நாலு, தக்சாயினி சிற்றம்பலம், இரண்டாயிரத்து மூன்று. என் மகள். அன்று அவளுடைய ஓட்டத்துக்கு நேரம் பிடிக்க நம் கழகப் பிள்ளை பென்ஜமின் நின்றான். இதை நான் பிடிக்கிறேன் என்று கடிகாரத்தை அவனிடமிருந்து வாங்கியவன் நான். நாங்கள் துவக்கு, துப்பாக்கி எதுவும் வெடிப்பதில்லை, பலகை இரண்டை அடித்துத்தான் தொடக்கி வைப்போம். முடிவுக் கோட்டில் நிற்பவன் அந்தப் பலகைகள் மூடுவதைக் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். நான் கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு, சத்தம் கேட்டபிறகு அழுத்தினேன். சத்தம் நூறு மீற்றர் வந்து சேர ஏறக்குறைய பூச்சியம் தசம் மூன்று செக்கன் பிடிக்கும்; அவ்வளவும் அவளுடைய நேரத்தில் குறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஸ்ரனிஸ்லாசின் கடிகாரத்தில் பன்னிரண்டு தசம் ஏழு. நான் அறிவித்தது என்னுடையதை.

ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முன் கேட்பார். "அண்ணை, அந்தப் பலகையை மாத்துவமே?" அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பேன். போன வருடம் ஒரு பிள்ளை பன்னிரண்டு தசம் ஆறில் ஓடினாள். சாதனை இல்லை என்று ஒலிவாங்கியில் அறிவித்தேன். அவள் அழுதுகொண்டு போனாள். அதற்குப் பிறகு ஸ்ரனிஸ்லாஸ் என்னிடம் கேட்கவேயில்லை. ஏன் தெரியுமா? அந்தப் பிள்ளை பிறின்சி. அவருடைய சொந்த மகள். அவள் ஓடும்போது தன் கடிகாரத்தைக் கழற்றி பென்ஜமினிடம் கொடுத்துவிட்டுத் தூரப் போய் நின்ற மனிதர் அவர். தன் பிள்ளைக்காகக் கேட்பதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார். நானும் அது நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

நேற்று என் மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "என்ர பேரைக் கழட்டுங்கோ அப்பா" என்றாள்.

கழற்றுகிறேன். அந்த வரியில் நாளைக்கு பிறின்சி ஸ்ரனிஸ்லாஸ், பன்னிரண்டு தசம் ஆறு என்று இருக்கும். அமரரின் பணியைத் தொடர்வோம் என்று ஆறு கூட்டங்களில் உங்கள் முன் உறுதி சொல்லியிருக்கிறேன், ஒன்றையும் தொடர்ந்ததில்லை. இந்த முறை பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் முடிவுக் கோட்டில் நான் நிற்பேன். முழங்கால் நோகும், கண்ணும் மங்கல். பிழை விட்டால், அதே ஒலிவாங்கியில் பிழை என்று சொல்வேன். செயலாளர் பதவியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அருட்தந்தை மன்னிக்க வேண்டும். எல்லோரும் மறுபடி எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம். இந்த முறை நேரம் நான் பிடிக்கவில்லை. பிறின்சி, பிள்ளை, அப்பாவின் கடிகாரம் உன்னிடம்தானே இருக்கிறது? நீ அழுத்து. அறுபது ஆகும்வரை யாரையும் உட்காரச் சொல்லாதே.