நிமிர்த்தியது யார்?

— கையெழுத்துப் போடுறது பெரிய விஷயமில்ல டாக்டர். மூணாவது தடவை விமானம் சுழன்று விழுந்தப்போ அதை எப்படி நிமித்துனீங்க, அதை மட்டும் சொல்லிடுங்க.

— என்ன மேடம், விமானத்த விட்டு இறங்கினதுலேருந்து இதையே கேக்குறீங்க! சட்டையில வேர்வை கூட இன்னும் காயல. நல்லா வந்துச்சுல்ல, விடுங்களேன்.

— நல்லா வந்துச்சுன்னுதான் கேக்குறேன். முதல் ரெண்டும் ஒரே சொதப்பல். மூணாவதுல பம்பரமா சுத்திக்கிட்டு மூக்குக் குத்துற மாதிரி இறங்கினோம், திடீர்னு பதமா நிமிர்ந்துச்சு. எப்படி?

— கைப்பழக்கம் மேடம். இருபத்தஞ்சு வருஷமா பல்லு புடுங்குற கை. நடுங்காது.

— கை கிடக்கட்டும். எந்தக் கால் பெடலை மிதிச்சீங்க?

— ம்... இடது கால்.

— நாம சுத்துனதே இடப்பக்கம். இடது பெடலை மிதிச்சா இன்னும் வேகமால்ல சுத்தும்!

— அப்ப வலது கால்.

— இது என்ன ஏலமா டாக்டர்? நாளைக்கு நீங்க தனியா மேல போய் இதைச் செய்யலாம்னு நான் எழுதிக் கொடுக்கணும். பக்கத்து சீட்டு காலியா இருக்கும். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டம்மா முகத்துல நான்தான் முழிக்கணும்.

— சரி, உண்மையச் சொல்லிடுறேன். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு. வயலும் ரோடும் கண்ணாடியில மாறி மாறிச் சுத்துது. கை, காலு எல்லாத்தையும் எடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். நீங்க கன்ட்ரோலை வாங்கி நிமித்துனீங்க, நான் பொழைச்சேன். இறங்கினதும் 'சபாஷ்'னு வேற சொன்னீங்களா, வர்ற சீதேவியைக் காலால உதைப்பானேன்னு பேசாம இருந்துட்டேன்.

— நான் 'என் கையில'ன்னு சொன்னேனா?

— இல்ல.

— நான் அப்படிச் சொல்லி, நீங்க 'உங்க கையில'ன்னு திருப்பிச் சொன்னாத்தானே கை மாறினதா கணக்கு? முதல் நாள்லேருந்து அதுதானே வழக்கம்?

— அவசரத்துல மறந்துட்டீங்களாக்கும்னு நினைச்சேன்.

— நான் தொடவே இல்ல டாக்டர்.

— ஐயோ! அப்ப யாரு மேடம் ஓட்டினது?

— யாரும் இல்ல. இந்த மாதிரி விமானம் கையை விட்டுட்டா சில சமயம் தானாவே நிமிர்ந்துக்கும். சில சமயம்தான்.

— அடக் கடவுளே! இருங்க, இருங்க. மூணு சுத்துக்கு மேல போனா நானே வாங்கிக்குவேன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனீங்க? நான் கண்ணை மூடிட்டேன், எண்ணல. எத்தனை சுத்து?

— ஆறு.

— ஆறா! அப்புறம் ஏன் வாங்கல? எனக்குப் புத்தி வரட்டும்னா?

— நீங்கதான் நிமித்துனீங்கன்னு சொல்லிட மாட்டீங்களான்னுதான் இவ்வளவு நேரமா துருவித் துருவிக் கேட்டேன் டாக்டர். பயத்துல எனக்குக் கையே எழும்பல.