பழைய வெல்டிங் மிஷினும் நேர்ச்சை விளக்கும்

அந்த வெல்டிங் மிஷினை ஸ்டேஷன் வராந்தாவில் வெறும் தரையில் வைத்திருக்கிறீர்கள், வரும்போது பார்த்தேன். நம் திருவனந்தபுரத்து மழைக்கு அது ஆகாது. அடியில் இரண்டு பலகை போடச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

நான் தாணுமாலயன். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். என் மைத்துனன் சிவதாணு ஷாக் அடித்துச் செத்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் உங்களோடு வந்த எலெக்ட்ரிக் இன்ஸ்பெக்டர், மிஷினைச் சரியாகப் பராமரிக்காததுதான் காரணம் என்று என் வீட்டு முற்றத்தில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

யுத்தம் முடிந்து பட்டாளச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த மிஷின் அது. எடுக்கும்போதே பழசு. ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போவதற்காக எடுத்தேன். கரமனையில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியும் முல்லைப் பந்தலும் என் கைவேலைதான். பழைய மிஷினைக் காப்பது பெரிய வித்தையில்லை. கொஞ்சம் ஓட்டினால் அதைவிடக் கூடுதலாக ஆறவிட வேண்டும். மழைக்காலத்தில் மூடிக்குள்ளே ஒரு பல்பை எரியவிட்டால் சுருள்கள் உலர்ந்திருக்கும். கம்பி முனைகளைச் சுரண்டி இறுக்க வேண்டும். வருஷக்கணக்காக அப்படித்தான் வைத்திருந்தேன்.

சிவதாணு பட்டாள ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் படித்துவிட்டு வந்தான். என் மனைவி நீலாம்பாளுக்கு ஒரே தம்பி. வீட்டோடு இருக்கட்டும் என்றாள், இருந்தான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதையாக, என் மிஷினை வைத்து ஊருக்கெல்லாம் பற்றவைத்துக் கொடுத்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டுவான். மழை வந்தால் அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். நான் கடையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல், வெந்துபோன இடத்தைத் தேடித் துணிநாடா சுற்றி வார்னிஷ் அடிப்பேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் கேட் செய்யச் சொல்ல வந்த சற்குணம் முன்னால் அவனிடம் கொஞ்சம் ஆறவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

"அத்தான், மிஷின நீங்க பெத்த புள்ள மாதிரில்லா பாத்துக்கிடுதீங்க" என்றான்.

சற்குணம் சிரித்தார், நானும் சிரித்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். நீலாம்பாள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது, அலுப்புத்தான்.

இந்த மழை தொடங்கிய சமயம் மிஷினைத் துடைக்கும்போது கம்பி முனையில் விரல் சுருக்கென்றது. உள்ளே இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றில் வீட்டுக் கரண்ட் வரும், மற்றதிலிருந்து பற்றவைக்கிற ராடுக்குப் போகும். இரண்டும் தொடாமலிருக்க நடுவில் காகிதமும் துணியும் வைத்திருப்பார்கள். அது எரிந்து, சுருள்கள் ஓரிடத்தில் தொட்டுவிட்டன. இனிமேல் பற்றவைக்கிற இரும்பில் வீட்டுக் கரண்டே வந்து நிற்கும். வேலை பழையபடி நடக்கும். நனைந்த தரையில் வெறுங்காலோடு நிற்கிறவனுக்குத்தான் ஆபத்து. பல்பு வைத்துச் சோதித்து இடத்தைக் கண்டுபிடித்தேன். அரைநாள் வேலைதான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கட்ட, அவன் எரிக்க, மறுபடி நான் கட்ட, இதற்கு முடிவே இல்லை என்று பட்டது. மூடிவிட்டேன்.

அவனிடம் சொல்லவில்லை. எப்போதும் தடித்த டயர் செருப்போடுதான் வேலை செய்வான், அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தால் தெருமுனை முத்தாரம்மனுக்கு இரும்பில் அடுக்குவிளக்கு வைப்பதாக நீலாம்பாள் நேர்ந்திருந்தாள். நாகர்கோவிலில் பெண் அமைந்து நிச்சயமும் ஆயிற்று. சந்தோஷத்தில் விளக்கை மறந்துவிட்டாள். நான்தான் ஞாபகப்படுத்தினேன். வெளியில் சொல்லிச் செய்ய வேண்டாம், அவன் கையாலேயே செய்தால் அம்மனுக்குத் திருப்தி என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மன் காரியத்தில் எங்கள் ஆட்கள் செருப்புக் காலோடு கைவைக்கமாட்டார்கள். குளித்து ஈரவேட்டியோடு செய்வதுதான் முறை. உங்களுக்கும் தெரிந்ததுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் தூறல் விட்டிருந்தது. முற்றமெல்லாம் ஈரம். கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தான். செருப்பைப் படியோரம் சேர்த்துவைத்தான். ஒருநாளும் கேட்காதவன் அன்றைக்கு என்னிடம் கேட்டான்.

"மிஷின் சரியா இருக்குல்லா, அத்தான்?"

"நான் பாத்து வச்சிருக்கேன்" என்றேன்.

அதில் பொய் இல்லை. அவன் இடது கையால் விளக்குத் தண்டைப் பிடித்துக்கொண்டு ராடை வைத்தான். சத்தம்கூடப் போடவில்லை, அப்படியே சரிந்தான்.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு நீலாம்பாள், அவன் செருப்பில்லாமல் வேலைக்கு நிற்கமாட்டானே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மன் வேலையல்லவா என்று சமாதானம் சொன்னேன். பாவம், அதைக் கேட்டு அவள் இன்னும் அதிகமாக அழுதாள். விளக்கை நேர்ந்தது தான்தானே என்று அவளுக்கு.

ஆகவே, ஸார், நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். மிஷினில் அந்த ஓர் இடம் தவிர வேறு குறை கிடையாது. அந்த இடத்தையும் தெரிந்தேதான் விட்டுவைத்தேன், அவன் வெறுங்காலோடு நிற்கிற நாளுக்காக. அவனைக் கொன்றது நான். இதைப் பராமரிப்புக் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஏன் அணைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அணைத்தேனே. அவன் விழுந்த பிறகும் ராடு விளக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சநேரத்தில் மிஷின் முனக ஆரம்பித்தது, சுருள் சூடேறுகிற வாடை வந்தது. வந்த உடனேயே அணைத்துவிட்டேன். இன்னும் சற்று விட்டிருந்தால், ஸார், மிஷின் போயிருக்கும்.